வோல்ட், ஆம்பியர், ஓம், வாட்: கணக்கு எங்கே இடிக்கிறது என்று அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். பள்ளியில் படித்ததுதான். ஆனால் மீட்டரைக் கையில் எடுத்து வீட்டுச் சாமான் ஒன்றில் வைத்துப் பார்த்தால், லேபிளில் ஒன்று இருக்கும், கணக்கில் வேறொன்று வரும். சூத்திரத்தில் பிழை இருக்காது. வோல்ட்டை ஓரிடத்தில் அளந்திருப்போம், ஆம்பியரை இன்னோரிடத்தில். அல்லது ஓமைக் குளிர்ந்த நிலையிலும் மற்றதைச் சூடான நிலையிலும் எடுத்திருப்போம். மூன்றும் ஒரே பொருளில், ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளா? கீழே உள்ள ஒவ்வொரு குறிக்கும், அதாவது கோளாறின் அறிகுறிக்கும், முதல் கேள்வி இதுதான்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் 230 வோல்ட்டுக்கு. 2000 வாட் கீசர்: 8.7 ஆம்பியர், 26.5 ஓம். 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு: 6.5 ஆம்பியர், 35 ஓம். 1000 வாட் அயன் பாக்ஸ்: 4.35 ஆம்பியர், 53 ஓம். லேபிள் வாட்டிலிருந்து ஓம் எடுக்க, வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும்: 230 × 230 ÷ 2000 = 26.45. சூடேற்றும் சாமான்களில் லேபிளைவிட 5 சதவீதம் கூடவோ 10 சதவீதம் குறையவோ இருப்பது தரவிதிகள் ஏற்கும் வித்தியாசம். ஆகவே 2000 வாட் கீசர் 25 ஓமிலிருந்து 29 ஓம் வரை எதைக் காட்டினாலும் கவலைப்பட வேண்டாம்.

ஓம் அளக்கும்போது பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

குறி: கிளாம்ப் மீட்டர் 0 காட்டுகிறது, சாமான் ஓடிக்கொண்டிருக்கிறது

கிளாம்ப் மீட்டர் என்பது வயரை வெளியிலிருந்து கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர். பேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் (திரும்பும் வயர்) இரண்டும் சேர்ந்த வயரை மொத்தமாகக் கவ்வியிருக்கிறீர்கள். போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒரு வயரை மட்டும் கவ்வ வேண்டும். இதற்காகச் சாமானின் வயரைக் கீறாதீர்கள். 16 ஆம்பியர் பிளக் ஒன்று, சாக்கெட் ஒன்று, நடுவில் தனித்தனியாக மூன்று 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர்கள், முக்கால் மீட்டர் நீளம். இப்படி ஒரு துண்டைச் செய்து கருவிப் பையில் போட்டுக்கொண்டால் எந்தச் சாமானையும் ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம்.

சின்ன கரண்ட் என்றால் கிளாம்ப் மீட்டரின் கடைசி இலக்கத்தை நம்ப முடியாது. பேஸ் வயரைக் கவ்வியின் உள்ளே 10 சுற்று சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுங்கள்.

மல்டிமீட்டரின் ஆம்பியர் பகுதியில் 0 வந்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் மில்லி ஆம்பியர் பியூஸ் போயிருக்கும். முன்பு யாரோ சிவப்பு வயரை ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு வோல்ட் பார்த்திருப்பார்கள். ஆம்பியர் துளை என்பது மீட்டருக்குள் கிட்டத்தட்ட ஒரு நேர் கம்பி. அதைச் சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் செருகினால் ஷார்ட் சர்க்யூட்தான். 230 வோல்ட் சாமான்களுக்கு மல்டிமீட்டரைத் தொடரில் போட்டு ஆம்பியர் பார்க்கும் பழக்கத்தையே விட்டுவிடுவது நல்லது.

குறி: கீசரில் தண்ணீர் சூடாக நேரமாகிறது

கரண்ட் குறைந்துவிட்டதா, வோல்ட்டேஜ் குறைந்துவிட்டதா, இரண்டும் சரியாக இருந்தும் வேறு கோளாறா என்பதைக் கணக்கு ஐந்தே நிமிடத்தில் பிரித்துக் காட்டும். காயிலை மாற்றிப் பார்ப்பது கடைசி வேலை.

கீசர் ஓடும்போது அதே சாக்கெட்டில், அதாவது மேலே சொன்ன துண்டு வயரின் முனையில், வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே சமயத்தில் எடுங்கள். 208 வோல்ட், 7.86 ஆம்பியர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 26.5 ஓம். காயில் நன்றாக இருக்கிறது. பெருக்கினால் 1635 வாட்தான். வோல்ட்டேஜ் 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறது. வாட் 18 சதவீதம் இறங்கிவிட்டது. வோல்ட் குறையும்போது கரண்ட்டும் கூடவே குறைவதால் அடி இரண்டு முறை விழுகிறது. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற 2000 வாட்டுக்கு 16 நிமிடம் போதும். 1635 வாட்டுக்கு 19 நிமிடத்துக்கு மேல் ஆகும். வீட்டில் "முன்ன மாதிரி இல்ல" என்று சொல்வது இந்த மூன்று நிமிடத்தைத்தான்.

அடுத்து, வோல்ட்டேஜ் எங்கே தொலைகிறது? கீசரை அணைத்துவிட்டு அதே இடத்தில் பாருங்கள்: 226. போட்டால் 208. 18 வோல்ட் வழியில் போகிறது. இப்போது மெயின் போர்டில் அதே சோதனை: கீசர் அணைந்திருக்கும்போது 226, ஓடும்போது 220. இதில் 6 வோல்ட் தெருக் கம்பியிலும் சர்வீஸ் வயரிலும் போகிறது. அது மின்வாரியத்தின் பக்கம். மீதி 12 வோல்ட் போர்டுக்கும் குளியலறைக்கும் நடுவில். 12 ÷ 7.86 = 1.53 ஓம்.

இந்த 1.53 ஓம் நியாயமானதா? செம்பு வயருக்கு ஒரு எளிய கணக்கு: 0.0175 × மொத்த நீளம் மீட்டரில் ÷ ஸ்கொயர். மொத்த நீளம் என்றால் போகவும் வரவும் சேர்த்து. 15 மீட்டர் தூரம் என்றால் 30 மீட்டர் வயர். 2.5 ஸ்கொயர் போட்டிருந்தால் 0.21 ஓம். யாரோ சிக்கனம் பார்த்து 1 ஸ்கொயர் ஓட்டியிருந்தாலும் 0.53 ஓம்தான். ஆக, வயர் எதுவாக இருந்தாலும் 1 ஓமுக்கும் மேல் எங்கோ ஒரு ஜாயிண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. 2.5 ஸ்கொயர் வயர் என்றால் அந்த ஜாயிண்ட்டின் பங்கு 1.3 ஓம், 7.86 ஆம்பியரில் அது 80 வாட். சாதாரண சால்டரிங் அயன் 25 வாட். மூன்று சால்டரிங் அயனை ஒரு ஸ்குரூவின் அடியில் வைத்து மூடிய மாதிரி. கீசரைப் பிறகு பார்க்கலாம். முதலில் மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச், சாக்கெட், ஜங்ஷன் பாக்ஸ் மூன்றையும் திறந்து பாருங்கள். பழுப்பேறிய வயர் ஒன்று தன்னையே காட்டிக் கொடுக்கும். கருகிய முனையை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, சாக்கெட்டைப் புதிதாக மாற்றி முடுக்குங்கள். கருகிய சாக்கெட்டின் பித்தளைப் பட்டை ஸ்பிரிங் தன்மை இழந்துவிடும். திரும்ப முடுக்கினால் ஒரு மாதம் தாங்கும், அவ்வளவுதான்.

வோல்ட்டேஜ் 228 இருந்தும் ஆம்பியர் குறைகிறதா? வகுத்துப் பாருங்கள். 3000 வாட் கீசருக்கு 17.6 ஓம் வர வேண்டிய இடத்தில் 35 வந்தால், உள்ளே 1500 வாட் காயில்கள் இரண்டு இணையாக இருந்து அதில் ஒன்று போயிருக்கிறது. ஒரே காயில் உள்ள கீசரில் ஓம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறாது. அது இருக்கும், அல்லது அறுந்து மீட்டரில் "ஓ.எல்." (அளவு எல்லை தாண்டிய தடை) காட்டும். இடைப்பட்ட எண் வந்தால் காயிலின் முனையில் வயரைப் பிடிக்கும் லக் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். "ஓ.எல்." வந்த உடனே காயில் போச்சு என்று முடிவுகட்டவும் கூடாது. வேண்டிய சூடு வந்ததும் கரண்ட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு அளவு மீறினால் வெட்டும் தெர்மல் கட்அவுட்டும் தொடரில் இருக்கின்றன. காயிலின் இரண்டு முனைகளில் நேராக வைத்து அளந்த பிறகுதான் தீர்ப்பு.

வோல்ட், ஆம்பியர், வாட் எல்லாம் சரி, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை என்றால்? உப்புப் படிந்து காயில் "இழுக்கவில்லை" என்று சொல்வார்கள். உப்பு வாட்டைக் குறைப்பதில்லை. உள்ளே போன 2000 வாட்டுக்குத் தண்ணீரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. உப்பு செய்வது வேறு: காயிலின் உறையைத் தண்ணீரிடமிருந்து மறைத்து, உறையை அளவுக்கு மீறிச் சூடாக்கி, சீக்கிரம் அறுத்துவிடும். தெர்மோஸ்டாட் குழாய் பக்கமும் அந்தச் சூடு பரவினால் நேரத்துக்கு முன்பே கட் ஆகும். எனவே ஆம்பியரை ஒரு முறை பார்த்துவிட்டுப் போகாமல், 15 நிமிடம் நின்று எத்தனை முறை அது 0 ஆகிறது என்று கவனியுங்கள்.

குறி: மீட்டரில் அளந்த ஓம் ஒன்று, வோல்ட் ÷ ஆம்பியர் வேறு

பொருளைப் பொறுத்து விடை மாறும்.

குண்டு பல்பு: 100 வாட் பல்பை மீட்டரில் வைத்தால் சுமார் 40 ஓம் காட்டும். 230 ÷ 40 என்று போட்டால் 5.75 ஆம்பியர், 1300 வாட்! எரியும்போது அதே இழை 529 ஓம். டங்ஸ்டன் சூடாகும்போது தடை 10 மடங்குக்கு மேல் ஏறும். போட்ட நொடியில் பல்பு பியூஸ் போவதற்கும் இதுவே காரணம். கீசர், அயன் பாக்ஸ் காயில்கள் நைக்ரோமால் ஆனவை. அவற்றில் குளிருக்கும் சூட்டுக்கும் சில சதவீதமே வித்தியாசம். அதனால்தான் கீசரைக் குளிர்ந்த நிலையில் அளந்து கணக்குப் போட முடிகிறது, பல்பை முடிவதில்லை.

மோட்டார், மின்விசிறி, மிக்ஸி: காயிலின் ஓமை வைத்து ஓடும் கரண்ட்டைக் கணக்கிடவே கூடாது. அரை குதிரைத்திறன் பம்பின் ரன்னிங் காயில் 8 ஓம் என்றால் கணக்கு 29 ஆம்பியர் சொல்லும், ஓடும்போது சுமார் 3.5 ஆம்பியர்தான் வரும். சுழலும் மோட்டார் எதிர் வோல்ட்டேஜை உண்டாக்குகிறது, சுற்றின் காந்தப்புலமும் ஏ.சி.யை, அதாவது மாறுமின்னோட்டத்தை, தடுக்கிறது. இந்த இரண்டும் ஓம் மீட்டருக்குத் தெரியாது. ஷாஃப்ட் இறுகி மோட்டார் நின்றுபோனால் எதிர் வோல்ட்டேஜ் இல்லை, கரண்ட் பல மடங்கு ஏறும், காயில் புகையும். மோட்டாரில் ஓம் பார்ப்பது சுற்று அறுந்திருக்கிறதா, பாடியில் தொடுகிறதா என்பதற்கு மட்டும்.

இண்டக்ஷன் அடுப்பு, எல்.இ.டி. பல்பு, சார்ஜர்: இவற்றில் ஓம் என்ற கேள்வியே கிடையாது. விட்டுவிடுங்கள்.

சின்ன தடைகளில் மீட்டர் வயர்களே 0.2 முதல் 0.5 ஓம் வரை சேர்த்துவிடும். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழியுங்கள். 1 மெகா ஓம் போன்ற பெரிய தடைகளில் பிழை விரலில் இருக்கும்: இரண்டு முனைகளையும் விரலால் அழுத்திப் பிடித்தால் உங்கள் உடம்பும் இணையாகச் சேர்ந்து எண்ணை இறக்கிவிடும்.

குறி: வோல்ட்டேஜ் இருக்கிறது, ஆனால் சாமான் ஓடவில்லை

மல்டிமீட்டரில் 90, 110 என்று ஏதோ காட்டும். பல்பு போட்டால் எரியாது. அறுந்த வயர் பக்கத்து வயரோடு சேர்ந்து ஓடுவதால் அதில் தொற்றிக்கொள்ளும் பொய் வோல்ட்டேஜ் அது. மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் என்பதால் மைக்ரோ ஆம்பியர் அளவுக் கசிவே அதற்குப் போதும். அதே புள்ளியில் ஒரு குண்டு பல்பைப் போட்டு மறுபடி அளந்தால் 0க்கு விழுந்துவிடும். சுமை இல்லாமல் எடுத்த வோல்ட்டேஜைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குறி: காயில் அடுப்பின் அறுந்த கம்பியை ஒட்டிப் போட்ட பிறகு அதிகமாகச் சிவக்கிறது

திறந்த காயில் அடுப்பில் ஸ்பிரிங் அறுந்தால் இரண்டு முனைகளையும் இழுத்து முறுக்கிவிடுவது நம் ஊர் வைத்தியம். நீளம் குறைந்தால் ஓம் குறையும், ஓம் குறைந்தால் வாட் கூடும். 2000 வாட் காயிலில் பத்தில் ஒரு பங்கு போனால் 26.45 ஓம் 23.8 ஆகும், வாட் 2220. மிச்சமிருக்கும் கம்பி முன்பைவிடக் குறைந்த நீளத்தில் முன்பைவிட அதிகச் சூட்டைச் சுமக்கிறது. முறுக்கிய இடத்திலோ கம்பி கம்பியை முழுதாகத் தொடுவதில்லை. அந்த ஒரு புள்ளி மட்டும் வெள்ளையாக ஒளிரும், அங்கேயே மறுபடி அறும். இரண்டாவது முறை முறுக்குவதற்குள் புதுக் காயில் வாங்கிவிடலாம். வாங்கும்போது கடையிலேயே மீட்டரை வைத்து 26 ஓம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். காயிலை இழுத்து நீட்டுவதால் ஓம் மாறாது. கம்பி அதே கம்பிதான், சுற்றுகளின் இடைவெளிதான் கூடுகிறது. ஒரே இடத்தில் அதிகமாக இழுத்துவிடாமல் சீராக நீட்ட வேண்டும்.

குறி: வோல்ட் × ஆம்பியர் போட்டால் வருவது ஈ.பி. மீட்டரைவிட அதிகம்

ஃபிரிட்ஜில் 230 வோல்ட், 1.1 ஆம்பியர், பெருக்கினால் 253. மின்வாரிய மீட்டர் 160 வாட் அளவுக்குத்தான் ஓடுகிறது. இரண்டும் சரி. ஏ.சி.யில் மோட்டார் போன்ற சுமைகளில் கரண்ட் வோல்ட்டேஜுக்குப் பின்தங்கி வரும். பெருக்கி வருவது வோல்ட்-ஆம்பியர், அதைப் பவர் ஃபேக்டரால் மறுபடி பெருக்கினால்தான் வாட். இங்கே 160 ÷ 253 = 0.63. கீசர், அயன் பாக்ஸ், ராடு ஆகியவற்றுக்குப் பவர் ஃபேக்டர் 1. அங்கே பெருக்கலே போதும்.

எதிர்த் திசையிலும் பிழை வரும். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் கரண்ட் அலை சீராக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கணக்கிடும். எல்.இ.டி. டிரைவரும் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையும் கரண்ட்டைத் துண்டு துண்டாக இழுப்பவை; அங்கே இந்த மீட்டர்கள் மிகக் குறைத்துக் காட்டும். அலை எப்படி இருந்தாலும் சரியாக அளக்கும், ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று போட்ட மீட்டர் வேண்டும்.

கிளாம்ப் மீட்டரே இல்லையென்றாலும் வாட் கண்டுபிடிக்க வழி உண்டு. டிஜிட்டல் ஈ.பி. மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கின் அருகே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்றால் ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளக்க வேண்டிய சாமானை மட்டும் ஓட்டுங்கள். ஒரு சிமிட்டலில் கடிகாரத்தைத் தொடங்கி, அதைப் பூஜ்யம் என்று எண்ணி, 10-வது சிமிட்டலில் நிறுத்துங்கள். 5.6 நொடி ஆனால் 11250 ÷ 5.6 = 2009 வாட். முதல் சிமிட்டலையே ஒன்று என்று எண்ணினால் 11 சதவீதம் கூடுதலாக வந்துவிடும். இந்தப் பிழையைச் செய்யாதவர்கள் குறைவு.

குறி: எம்.சி.பி. உடனே விழவில்லை, அரை மணி நேரம் கழித்து விழுகிறது

3000 வாட் இன்ஸ்டன்ட் கீசரும் 2000 வாட் கீசரும் ஒரே 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்). 5000 ÷ 230 = 21.7 ஆம்பியர், அதாவது 1.36 மடங்கு. எம்.சி.பி. 1.13 மடங்குவரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பது விதி. நடுவில் இருப்பது அதன் விருப்பம். கோடையில் சீக்கிரம் விழும். எம்.சி.பி. கெட்டுவிடவில்லை. 25 ஆம்பியர் மாற்றினால் விழாது, ஆனால் சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும். தனி லைன் இழுப்பதுதான் வழி.

குறி: எல்.இ.டி.க்குப் போட்ட ரெசிஸ்டர் கருகுகிறது

எல்.இ.டி. கணக்கில் அடிக்கடி நடக்கும் பிழை இரண்டு. சப்ளையின் 12 வோல்ட்டை அப்படியே ரெசிஸ்டருக்கு வைத்துக் கணக்கிடுவார்கள், எல்.இ.டி. 3.2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், ரெசிஸ்டரின் மேல் நிற்பது 8.8தான். எல்.இ.டி.க்கு 20 மில்லி ஆம்பியர், அதாவது 0.02 ஆம்பியர் என்றால் 8.8 ÷ 0.02 = 440 ஓம்; கடையில் கிடைப்பது 470. இன்னொன்று, 20 மில்லி ஆம்பியரை 20 என்றே போட்டு வகுத்து 0.44 ஓம் என்று விடை எடுப்பது. விடை ஆயிரம் மடங்கு விலகியிருந்தால் மில்லியையோ கிலோவையோ விட்டிருக்கிறீர்கள்.

470 ஓமில் 0.165 வாட் சூடாகிறது. கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். ஆனால் வண்டியில் மாட்டினால்? இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 12 இல்லை, 14.4 இருக்கும். 11.2 வோல்ட் ரெசிஸ்டரின் மேல், 0.267 வாட். கால் வாட்டைத் தாண்டிவிட்டது. அரை வாட் ரெசிஸ்டர் போடுங்கள், அல்லது 680 ஓமுக்கு ஏறுங்கள்.

குறி: ஓம் சரியாக இருக்கிறது, ஆர்.சி.சி.பி. விழுகிறது

ஆர்.சி.சி.பி. என்பது எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு 230 ÷ 0.03 = 7670 ஓம் அளவுக்கு ஒரு கசிவு போதும்; 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே சில விழுந்துவிடும். காயில் முனைக்கும் கீசர் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் பல மெகா ஓம் காட்டி ஏமாற்றும், ஏனென்றால் அது சில வோல்ட்டில் மட்டுமே சோதிக்கிறது. உறையில் உள்ள மயிரிழை விரிசல் 230 வோல்ட்டில்தான் பேசும். 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் வேண்டும். இரண்டு வயர்களையும் சப்ளையிலிருந்து கழற்றிவிட்டு, தொட்டியில் தண்ணீர் இருக்கும்போதே அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் காயிலை மாற்றுங்கள்.

கீசர் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் விழுகிறதென்றால் கசிவு காயிலின் நியூட்ரல் முனைப் பக்கம் இருக்கலாம். ஒற்றை சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டுகிறது. வீட்டில் வேறு பெரிய சாமான் ஓடும்போது நியூட்ரலில் எழும் ஓரிரண்டு வோல்ட்டே அந்தக் கசிவு வழியாக எர்த்துக்கு இறங்கும். பிளக்கையே பிடுங்கிவிட்டு, அந்தப் பெரிய சாமானை ஓட்டிப் பாருங்கள். விழவில்லையென்றால் குற்றவாளி கீசர்தான்.